சர்க்கரை எங்கே ஒளிந்திருக்கிறது?

“நான் இனிப்பே சாப்பிடுவதில்லை. எனக்கு எப்படிச் சர்க்கரை நோய் வந்தது?”

இப்படிப் பலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். இதற்குப் பதில் நம் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது.

ஒரு வாய் வெறும் சோற்றை எடுங்கள். குழம்பு ஊற்ற வேண்டாம். விழுங்காமல் நன்றாக மெல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் லேசாக இனிக்கும். ஏன்? சோற்றில் மாவுச்சத்து இருக்கிறது. எச்சில் பட்டதும் அது சர்க்கரையாக மாறத் தொடங்குகிறது. மீதி மாற்றம் குடலில் நடக்கிறது. பிறகு அந்தச் சர்க்கரை இரத்தத்தில் கலக்கிறது. சோறு மட்டும் அல்ல. சப்பாத்தி, பரோட்டா, பிரெட், அவல், உருளைக்கிழங்கு எல்லாமே இப்படித்தான்.

இரத்தத்தில் சர்க்கரை இருப்பது தவறு அல்ல. நமக்குச் சக்தி தருவதே அதுதான். ஆனால் அது எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது முக்கியம்.

வைக்கோலும் விறகும்

வைக்கோலில் தீ வைத்தால் குப்பென்று எரியும். உடனே அணைந்துவிடும். விறகு மெல்லப் பற்றும். நின்று எரியும். உணவும் அப்படியே.

வைக்கோல் போன்றவை: சீனி, வெல்லம், தேன், குளிர்பானம், பழச்சாறு, மைதா பண்டங்கள், நன்றாகத் தீட்டிய அரிசிச் சோறு.

விறகு போன்றவை: பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, காராமணி, நிலக்கடலை, கீரை, காய்கறி, கொய்யாப்பழம்.

“வெல்லம் நல்லதாயிற்றே” என்று சிலர் நினைக்கிறார்கள். வெல்லமும் சர்க்கரையை வேகமாக ஏற்றும். கேழ்வரகு நல்ல தானியம். ஆனால் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அதுவும் வேகமாக ஏற்றும்.

நாட்டின் நிலை

2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு வெளியானது. நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. மேலும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் நோயின் வாசலில் நிற்கிறார்கள்.

அதே ஆய்வின் உணவுக் கணக்கு 2025-ல் வெளிவந்தது. நமக்குக் கிடைக்கும் சக்தியில் 100-க்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது. தெற்கிலும் கிழக்கிலும் சோறு. வடக்கிலும் மேற்கிலும் ரொட்டி. சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் போதுமா? போதாது. மொத்த அளவு குறைய வேண்டும். அந்த இடத்தில் பருப்பும் பயறும் வர வேண்டும்.

ஒரு கணக்கு

சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர். ஒரு நாளில் 5 டீ குடிக்கிறார். ஒவ்வொன்றிலும் 2 கரண்டிச் சீனி. சிறிய கரண்டி ஒன்றில் சுமார் 5 கிராம் பிடிக்கும்.

5 டீ × 2 கரண்டி = 10 கரண்டி
10 கரண்டி × 5 கிராம் = 50 கிராம்
30 நாளில் 1500 கிராம். அதாவது ஒன்றரைக் கிலோ!

ஒரு நாளைக்கு 50 கிராமுக்கு மேல் போகக்கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு. இவருக்கு டீயிலேயே அந்த அளவு முடிந்துவிட்டது.

இவருக்குக் காலில் ஒரு புண் வந்தது. ஆறவே இல்லை. மூட்டை தூக்க முடியவில்லை. கூலியும் நின்றது. சுகாதார நிலையத்தில் பரிசோதித்தார்கள். சர்க்கரை நோய் என்று தெரிந்தது. காய்கறி, பயறு கூட்டிச் சாப்பிடச் சொன்னார் நர்ஸ்.

“தினமும் காய்கறி வாங்க நாங்கள் என்ன பணக்காரர்களா, சிஸ்டர்?” என்று கேட்டார் அவர் மனைவி.

“பணக்காரச் சாப்பாடு வேண்டாம்மா. முருங்கைக்கீரை இருக்கிறது. பயறு இருக்கிறது. சீனி வாங்குகிற காசில் பாதிக்குப் பயறு வாங்குங்கள். சோற்றை அடியோடு நிறுத்தாதீர்கள். உழைக்கிற உடம்பு. வயிறு நிறைய வேண்டும். எதனால் நிறைகிறது என்பதை மட்டும் மாற்றுங்கள்.”

தட்டை எப்படி நிரப்புவது?

தட்டை நான்கு பங்காக நினைத்துக்கொள்ளுங்கள்.

2 பங்கு: கீரை, காய்கறி.
1 பங்கு: பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன்.
1 பங்கு: சோறு அல்லது சப்பாத்தி.

முதலில் காயும் பருப்பும் சாப்பிடுங்கள். பிறகு சோறு. சாப்பிட்ட பின் சிறிது நேரம் நடங்கள். பழத்தைச் சாறு பிழியாமல் அப்படியே கடித்துத் தின்னுங்கள். டீயில் சீனியை இந்த வாரம் ஒரு கரண்டியாகக் குறையுங்கள். அடுத்த வாரம் அரைக் கரண்டி. நாக்கு பழகிவிடும்.

கவனம்!

மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் அவற்றைத் தாங்களாக நிறுத்தக்கூடாது. உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இவர்களுக்குத் திடீரென்று வியர்வை, நடுக்கம், மயக்கம் வந்தால் சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கலாம். நினைவு இருக்கும்போதே சீனித் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

30 வயதைத் தாண்டியவர்கள் அரசு சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இலவசம்தான்.

பயிற்சி

1. சோற்றை நன்றாக மென்றால் ஏன் இனிக்கிறது?
2. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்: தட்டில் ______ பங்கு காய்கறி இருக்க வேண்டும்.
3. உங்கள் வீட்டில் மாதம் எத்தனை கிலோ சீனி வாங்குகிறீர்கள்? எத்தனை கிலோ பருப்பு, பயறு? எழுதிப் பாருங்கள்.
4. கலந்து பேசுங்கள்: உங்கள் ஊரில் குறைந்த விலையில் கிடைக்கும் கீரைகள், பயறுகள் எவை?