விலை கூடிய கத்தியா, நல்ல கல்லா?

வீட்டை விட்டு வெளியேற நேர்ந்த குடும்பம் புதிய இடத்தில் மறுபடி அடுப்பு மூட்டும்போது முதலில் தேடும் பொருட்களில் ஒன்று கத்தி. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குத் தப்பி வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் காணி செய்த மலையகக் குடும்பங்களுக்கு இது தெரியும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவில் லயங்களை இழந்தவர்களுக்கும், 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவுகளால் இடம்பெயர்ந்தவர்களுக்கும் தெரியும். உலகெங்கும் நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் கையேடு, இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய சமையல் பொருட்களாக இரண்டு பானைகள், ஒரு பாத்திரம், இரண்டு அகப்பைகள், ஒரு கத்தி என்று கூறுகிறது. அந்தப் பட்டியலில் தீட்டுக்கல் இல்லை. இந்தப் பாடம் அந்தக் கல்லைப் பற்றியது.

ஒரு சம்பவம்

பூண்டுலோயாப் பக்கத்தில் தற்காலிகக் குடியிருப்பொன்றில் இருந்த ஒரு தாய், வீடு வீடாக வந்த வியாபாரியிடம் தவணைக்கு ஒரு கத்தி வாங்கினார். பளபளப்பான அலகு, அழகான பிடி, வெளிநாட்டுப் பெயர். “இதற்குக் கல்லே வேண்டாம்” என்று வியாபாரி சொன்னார். மூன்று மாதம் கழிந்தது. தவணை இன்னும் முடியவில்லை. கத்தியோ தக்காளியை வெட்டாமல் நசுக்கியது. கோபத்தில் அதைத் தூக்கி எறியப் போனவர், பக்கத்து வீட்டு முதியவரிடம் காட்டினார். அவர் நாற்பது வருடம் கவ்வாத்து வெட்டியவர்.

“கத்தி கெட்டுப்போச்சு தாத்தா.”

“கத்தி கெடல்ல புள்ள. கூர்தான் போச்சு. கல்லு இருக்கா?”

கல் இல்லை. அவர் தன் கல்லை எடுத்து நனைத்துப் பத்து நிமிடம் தீட்டிக் கொடுத்தார். கத்தி மறுபடி தக்காளியைச் சீவியது. அதன் பிறகு அவர் தன்னுடைய பழைய கத்தியையும் கொண்டுவந்து காட்டினார். கொல்லன் பட்டறையில் அடித்தது. அலகு கறுத்து, பாதியாகத் தேய்ந்திருந்தது. அதுவும் அதே அளவுக்கு நன்றாக வெட்டியது. அந்தத் தாய் கேட்டார்: “அப்ப நான் குடுத்த காசு எதுக்கு?”

நல்ல கேள்வி. பதில் தேடுவோம்.

கத்தியின் விலை எதற்காக?

கத்தி உருக்கினால் ஆனது. உருக்கு என்பது சிறிதளவு காபன் சேர்ந்த இரும்பு. காபன் மிகக் குறைந்தால் அலகு மென்மையாகிக் கூர் நிற்காது. கொல்லன் அலகைச் செந்நிறம் வரும்வரை காய்ச்சி, எண்ணெயிலோ நீரிலோ தோய்த்துக் கடினமாக்குகிறான். பிறகு இலேசாகச் சூடாக்கி, உடையாத பக்குவத்துக்குக் கொண்டுவருகிறான். கத்தியின் தரத்தில் பெரும்பங்கு இந்தப் பக்குவத்தில்தான் இருக்கிறது.

கடையில் மினுங்கும் கத்திகள் துருப்பிடிக்காத உருக்கு. அதில் குறைந்தது நூற்றுக்குப் பத்தரைப் பங்கு குரோமியம் இருக்கும். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஹரி பிரேர்லி என்பவர் 1913 இல் இத்தகைய உருக்கை உருவாக்கினார். எளிதில் துரு வராது என்பது உண்மை. கூர் மழுங்காது என்பது உண்மையல்ல.

ஜெர்மனியின் சோலிங்கன், யப்பானின் சகாய் ஆகிய ஊர்கள் கத்திக்குப் பேர்போனவை. ரொக்வெல் எனும் கடினத்தன்மை அளவில் நல்ல ஜெர்மன் கத்தி ஏறக்குறைய 56 முதல் 58 வரை இருக்கும்; யப்பானியக் கத்திகள் பல 60 ஐத் தாண்டும். எண் கூடக்கூடக் கூர் அதிக நாள் நிற்கும். ஆனால் அலகு எளிதில் பல்லுப்பல்லாக உடையும். விலையின் ஒரு பங்கு இந்தத் தரத்துக்குப் போகிறது. மீதி பெயருக்கும் பெட்டிக்கும் பிடிக்கும் விற்பவரின் பயணத்துக்கும் போகிறது.

நம் ஊர்க் கொல்லனின் கத்தியை இழிவாக எண்ண வேண்டாம். பல பட்டறைகளில் பழைய லொறி ஸ்பிரிங் தகட்டை வெட்டிக் கத்தி அடிக்கிறார்கள். அந்தத் தகடு தரமான உருக்கு. இந்த நாட்டுக்கு உருக்கு புதிதுமல்ல. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ மலைச்சரிவுகளில், பருவக்காற்றின் வேகத்தாலேயே எரிந்த பழைய உலைகளை ஆய்வாளர் கில் ஜூலெவ் கண்டறிந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே காபன் கூடிய உருக்கு செய்யப்பட்டது என்று 1996 இல் அவர் எழுதினார். தமிழகத்தின் திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயரும் நம் முன்னோர் பலருக்குப் பழகியதே.

நம் குசினிக்கு எது பொருந்தும்?

நம் வீட்டில் கத்தி செய்யும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். லீக்ஸ், கோவா, கரட் அரிய வேண்டும். பலாக்காய் வெட்ட வேண்டும். கருவாடு துண்டாக்க வேண்டும். சிலர் அதே கத்தியின் முதுகால் தேங்காயும் உடைப்பார்கள். மெல்லிய, மிகக் கடினமான விலையுயர்ந்த அலகு இந்த வேலைகளுக்குச் செய்யப்பட்டதல்ல. எலும்பிலும் சிரட்டையிலும் பட்டால் விளிம்பு உடையும். அதைச் சரிசெய்வதும் கடினம். பீங்கான் அலகுக் கத்தியை நம் சாதாரணக் கல்லில் தீட்டவே முடியாது. வாள்போன்ற பல்லுள்ள மலிவுக் கத்தியும் அப்படியே. மழுங்கினால் குப்பைக்குத்தான் போகும்.

கொல்லன் கத்திக்கும் குறை உண்டு. வாழைக்காயும் எலுமிச்சையும் பட்டால் கறுக்கும். ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். மழையும் பனியும் கூடிய நம் மலையில் இதைக் கவனிக்க வேண்டும். வேலை முடிந்தவுடன் கழுவித் துடைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் பூசி வையுங்கள். பலாக்காய் வெட்டுமுன் எண்ணெய் பூசினால் பாலும் ஒட்டாது.

விலை கூடிய கத்தி யாருக்குத் தகும்? நாள் முழுவதும் நின்று வெட்டுபவருக்கு. கொழும்பு ஹோட்டலில் சமையல் வேலைக்குப் போகும் பிள்ளைக்கும், ஊறுகாயும் உணவுப் பொதியும் செய்து விற்கும் பெண்கள் குழுவுக்கும் அது தொழில் கருவி. கைவலி குறையும், வேலை விரையும். ஆனால் அவர்களும் கல் இல்லாமல் அதை வாங்கக்கூடாது.

கவ்வாத்துக்காரர் தரும் பாடம்

தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டுபவர் கத்தியைத் தீட்டாமல் வேலை தொடங்கமாட்டார். மழுங்கிய கத்தி கிளையைப் பிளக்கும். பிளந்த காயம் ஆறாது. நீர் தேங்கி மரம் உளுக்கும். அதனால்தான் சாய்வாக, சுத்தமாக வெட்டச் சொல்கிறார்கள். பக்கத்துத் தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925 இல் தொடங்கப்பட்டது. அது தோன்றுவதற்கு முன்பே நம் பாட்டன்மாருக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்த அறிவு இது. மலையில் இருக்கும் இந்த அறிவு நம் குசினிக்குள் வராமல் நிற்பது ஏன்?

மழுங்கிய கத்தி ஆபத்தானதும்கூட. கூர் இல்லாதபோது நாம் அழுத்துகிறோம், அழுத்தும்போது வழுக்குகிறது, விரல் வெட்டுப்படுகிறது.

தீட்டும் முறை

1. ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் மழமழப்பும் உள்ள கல்லை வாங்குங்கள். அதை நனைத்து, அசையாதபடி ஈரத்துணிமேல் வையுங்கள்.

2. அலகின் முதுகைச் சற்றே உயர்த்துங்கள். செங்குத்துக் கோணத்தின் பாதியை எண்ணி, அதிலும் பாதியை எடுங்கள். அந்தச் சாய்வு போதும். முடியும்வரை அதை மாற்றாதீர்கள்.

3. அடியிலிருந்து நுனிவரை முழு விளிம்பும் கல்லில் படும்படி தேய்யுங்கள். சிறிது நேரத்தில் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிர் விரலுக்குத் தட்டுப்படும். விரலை விளிம்பின் நீளத்தில் ஓட்டாமல், முதுகிலிருந்து வெளிப்புறமாக மட்டும் தடவிப் பாருங்கள்.

4. மறுபக்கத்தையும் அவ்வாறே தேய்யுங்கள். பின்பு மழமழப்பான பக்கத்தில் மாறிமாறி மெதுவாகத் தேய்த்துப் பிசிரை நீக்குங்கள்.

5. கழுவித் துடைத்து, தக்காளியில் சோதியுங்கள். அழுத்தாமல் தோல் அறுந்தால் போதும்.

கல் கிடைக்காத இடத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடியிலுள்ள மெருகில்லாத வளையத்தில் மெதுவாகத் தேய்க்கலாம். சீமெந்துப் படியில் தேய்ப்பதைத் தவிருங்கள். அது விளிம்பைக் கீறிச் சிதைக்கும். சிறுவர்கள் அருகில் இருக்கும்போது தீட்ட வேண்டாம்.

கணக்குப் பார்ப்போம்

கீழே உள்ளவை பேச்சுக்காக வைத்த எண்கள். கடையில் விசாரித்து உங்கள் எண்களைப் போடுங்கள்.

மலிவுக் கத்தி 250 ரூபா. நான்கு மாதத்தில் எறிகிறோம். வருடத்துக்கு 750 ரூபா. பத்து வருடத்தில் 7,500 ரூபா.

கொல்லன் கத்தி 600, கல் 900. மொத்தம் 1,500 ரூபா. பத்து வருடம் உழைத்தால் வருடத்துக்கு 150 ரூபா.

விலை கூடிய கத்தி 9,000, கல் 900. மொத்தம் 9,900 ரூபா. இதுவும் வருடத்துக்கு 150 ரூபா ஆக வேண்டுமானால் 66 வருடம் உழைக்க வேண்டும். தவணை வட்டி இருந்தால் இன்னும் கூடும்.

ஆகவே மிக மலிவானதும் நட்டம், மிக விலை கூடியதும் நட்டம். நடுத்தர விலையில் ஒரு நல்ல கத்தியும், அதனோடு ஒரு கல்லும் வாங்குங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு கல் வாங்க முடியாவிட்டால், ஐந்து வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்கலாம். இடம்பெயர்ந்தபோது பல பொருட்களை இழந்தோம். கைத்திறனை இழக்கவில்லை. அதை நம் பிள்ளைகளுக்கு, பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து, பழக்குவோம்.

குழுவாகச் சிந்திக்க

1. கடந்த வருடம் உங்கள் வீட்டில் எத்தனை கத்திகள் வாங்கினீர்கள்? எத்தனையை எறிந்தீர்கள்?

2. தவணைக்கு வாங்கிய பொருட்களில் எது உண்மையில் பயன்பட்டது?

3. உங்கள் குடியிருப்பில் தீட்டத் தெரிந்த முதியவர் யார்? அவரிடம் எப்போது கற்கலாம்?

4. நிவாரணப் பொருட்கள் வழங்குவோரிடம் கத்தியோடு ஒரு கல்லும் சேர்க்கும்படி கேட்பது எப்படி?

செய்து பார்க்க: அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மழுங்கிய கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். ஒரே கல்லில் எல்லாவற்றையும் தீட்டிவிட்டு வீடு திரும்புங்கள்.