மாதச் சேமிப்புக் கணக்கைத் தெரிவு செய்தல்

தீவகத்துக் கமக்காரருக்குப் பணம் மாதந்தோறும் வருவதில்லை. வேலணையிற் புகையிலை விற்றவுடன் ஒரு தொகை வரும். காலபோக நெல் வெட்டியபின் இன்னொரு தொகை வரும். நெடுந்தீவில் மாடு விற்றவர் அன்றைக்கு ஒரு தொகையைக் காண்பார். இடைப்பட்ட மாதங்களிலே கை வறண்டுவிடும். விதை வெங்காயமும் எருவும் வாங்கவேண்டிய வேளையில் மனைவியின் சங்கிலி அடகுக்குப் போகின்றது. விளைச்சல் நன்றாயிருந்த ஆண்டிலும் இவ்வாறு நேர்வதைக் காண்கிறோம். ஆகையால், விற்ற பணத்தை அடுத்த விதைப்புவரை எங்கே வைத்திருப்பது என்பதும் பயிர்ச்செய்கையின் ஒரு பகுதியே எனக் கொள்ளல் வேண்டும்.

இக்காலத்தில் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் மாதாந்தச் சேமிப்புக்கு உயர்ந்த வட்டி தருவதாகப் போட்டியிட்டு விளம்பரஞ் செய்கின்றன. ஒன்று நூற்றுக்கு எட்டு என்கிறது; மற்றொன்று பத்து என்கிறது. சென்ற ஆண்டு வேலணையில் ஒரு முதியவர் அத்தகைய இரண்டு துண்டுகளையும் என்னிடம் நீட்டி, "தம்பி, பத்து எட்டிலும் பெரிதுதானே? பிறகு என்ன யோசனை?" என்று கேட்டார். விவசாயப் பாடசாலையிலே பண்ணைக் கணக்கு எழுதப் பழகியது அன்று எனக்கு உதவிற்று. அவருக்குக் காட்டிய கணக்கையே இங்கே தருகின்றேன். இதிலுள்ள வட்டி வீதங்கள் விளக்கத்திற்காக எடுத்தவை. உண்மையான வீதத்தை நீங்கள் கணக்குத் திறக்கும் நாளில் கேட்டறிதல் வேண்டும்.

மாதம் 5,000 ரூபா வீதம் பன்னிரண்டு மாதம் இட்டால் முதல் 60,000 ரூபா. நூற்றுக்குப் பத்து என்றவுடன் 6,000 ரூபா வட்டி கிடைக்குமெனப் பலர் எண்ணுவர். அவ்வாறன்று. முதல் மாதம் இட்ட 5,000 ரூபாவே பன்னிரண்டு மாதமும் கிடந்து வட்டி ஈட்டும். இரண்டாம் மாதத்துப் பணம் பதினொரு மாதம் கிடக்கும். கடைசியாக இட்டது ஒரு மாதம் மாத்திரமே கிடக்கும். கூட்டிப் பார்த்தால் வட்டி 3,250 ரூபாதான். இதில் ஏமாற்று எதுவுமில்லை. வாய்க்காலின் கடைமடைப் பயிர் தலைமடைப் பயிரைவிடக் குறைந்த நேரமே நீர் பெறுவதைப் போன்றதே இதுவும்.

நூற்றுக்கு எட்டானால் அதே மாதாந்த இடுதலுக்கு 2,600 ரூபா வரும். ஆகவே இரண்டிற்குமுள்ள வித்தியாசம் ஓராண்டில் 650 ரூபா. இத்தொகையை மனத்திற் கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

அந்த முதியவரோ புகையிலை விற்ற 60,000 ரூபாவையும் ஒருசேரக் கையில் வைத்திருந்தார். அதனைச் சாதாரண சேமிப்புக் கணக்கிலிட்டு, அங்கிருந்து மாதம் 5,000 ரூபாவாகப் பத்து வீதக் கணக்கிற்கு மாற்றுவதே அவருடைய எண்ணம். சாதாரண கணக்கிற்கு நூற்றுக்கு மூன்று என்று கொண்டால், காத்துக்கிடக்கும் பணத்திற்கு 825 ரூபாவும், மாதாந்தக் கணக்கில் 3,250 ரூபாவுமாக 4,075 ரூபா கிடைக்கும். அதே 60,000 ரூபாவை எட்டு வீதத்தில் ஓராண்டு நிலையான வைப்பிலிட்டால் 4,800 ரூபா கிடைக்கும். எட்டு பத்தை வென்றுவிட்டது! முதியவர் கணக்கை மறுபடியும் தாமே போட்டுப் பார்த்த பின்னரே ஒப்புக்கொண்டார். அவ்வாறு செய்ததே முறை.

எனவே, போகத்துக்கொருமுறை மொத்தமாகப் பணம் பெறுவோருக்கு மாதாந்தக் கணக்குப் பெரும்பாலும் ஏற்றதன்று. வைகாசியில் பணம் வருமாயின், ஒரு பங்கை மூன்று மாத வைப்பிலிடுங்கள். அது ஆவணியில் முதிர்ந்து புரட்டாதி உழவுக்கு உதவும். மற்றொரு பங்கை ஆறு மாத வைப்பிலிட்டால் கார்த்திகையில் கைக்கு வரும். எஞ்சியதை ஓராண்டுக்கு விடலாம். முழுப் பணத்தையும் ஒரே வைப்பிற் பூட்டிவிட்டு நடுவில் உடைப்பவருக்கு வட்டி குறைக்கப்படும். அத்தகைய நெருக்கடியில் வைப்பின்மேற் கடன் எடுத்தல் நன்றா, உடைத்தல் நன்றா என வங்கியில் இரு கணக்கையும் கேட்டுப் பாருங்கள்.

மாதாந்தக் கணக்கு யாருக்கு ஏற்றது? நாள்தோறும் பால் விற்போர், சம்பளம் பெறுவோர், கனடாவிலோ சுவிற்சலாந்திலோ உள்ள பிள்ளைகள் மாதாமாதம் அனுப்பும் பணத்தில் வாழ்வோர் ஆகியோருக்கு அது மிகவும் நல்லது. செலவாகிப் போகும் சிறு பணத்தை அது கட்டிவைக்கின்றது. ஆயினும் இவர்களும் வட்டி வீதத்தை மாத்திரம் பார்த்தல் போதாது. நிபந்தனைகளைப் பார்த்தல் வேண்டும்.

நெடுந்தீவிலுள்ள ஒருவர் உயர்ந்த வீதத்தை நம்பி ஒரு நிறுவனத்தில் மாதாந்தக் கணக்குத் திறந்தார். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. பணத்தை நேரிற் சென்றே இடவேண்டியிருந்தது. மார்கழியிற் கடல் கொந்தளித்தமையால் குறிகட்டுவானுக்குப் படகு ஓடவில்லை; தவணை தவறிற்று. அடுத்த மாதம் வீட்டிற் சுகவீனம், மீண்டும் தவறிற்று. இரு தவணை தவறினால் ஆண்டு முழுவதற்கும் சாதாரண வட்டியே என்பது விண்ணப்பத்தின் பின்புறத்திற் சிறிய எழுத்தில் இருந்தது. நமது கணக்கின்படி பார்த்தால், பன்னிரண்டு தவணையும் தவறாது இட்டிருப்பினும் மூன்று வீதத்தில் 975 ரூபாவே வரும். தவறிய இரண்டினால் அதுவும் குறைந்திருக்கும். நிபந்தனையற்ற எட்டு வீதக் கணக்கு அவருக்கு இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்திருக்கும்.

ஆகையால் கையொப்பமிடுமுன் கேளுங்கள்: தவணை தவறினால் என்ன குறையும்? இடையில் ஒருமுறை பணம் எடுத்தால் அம்மாதத்து ஊக்க வட்டி போய்விடுமா? அறிவித்த வீதம் ஆண்டு முழுவதும் நிலைக்குமா, முதல் மூன்று மாதத்துக்கு மட்டுமா? முடிவில் என் கையில் வருவது எத்தனை ரூபா? கடைசிக் கேள்விக்கு விடையை எழுத்திற் பெறுங்கள். எழுதித்தர மறுக்குமிடத்திற் பணத்தை வைக்கவேண்டாம்.

பயணத்தையும் செலவாக எண்ணுங்கள். பணம் இடுவதற்கெனப் படகும் பஸ்ஸும் ஏறி ஊர்காவற்றுறைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்வந்தால் ஒரு நாட் தொழில் போய்விடும். மேலே கண்ட 650 ரூபா அத்தகைய ஒரு பயணத்துக்குக்கூடப் போதாது. கைத்தொலைபேசி மூலமோ, வங்கியே மாதந்தோறும் மாற்றும்படி எழுதிக்கொடுத்தோ பணத்தை இடக்கூடிய கணக்கை விரும்புங்கள். தேசிய சேமிப்பு வங்கியின் பணத்தைத் தபாற் கந்தோரிலும் இடலாம். தீவுகளில் இருப்போருக்கு இது பெரும் வசதி. 1832இல் தொடங்கிய இலங்கைச் சேமிப்பு வங்கியையும் 1885இல் தொடங்கிய தபாற் சேமிப்பு வங்கியையும் இணைத்து, 1971ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தால் இவ்வங்கி அமைக்கப்பட்டது. இதிலுள்ள வைப்புகளுக்கு அரசாங்கம் முழுப் பொறுப்பு ஏற்கின்றது.

மிகவும் உயர்ந்த வட்டியைக் கண்டால் முதலிற் பாதுகாப்பை விசாரியுங்கள். வைப்பு ஏற்க அதிகாரமின்றிப் பொதுமக்களிடம் பணந்திரட்டிய கோல்டன் கீ நிறுவனம் 2008இல் முறிந்தது. அனுமதிபெற்ற நிதிக் கம்பனியும் வீழலாம்: த பினான்ஸ் கம்பனியின் அனுமதியை மத்திய வங்கி 2020 மே மாதத்தில் இரத்துச் செய்தது. அப்போது வைப்புக் காப்புறுதியின் கீழ் ஒருவருக்கு ஆகக்கூடியது 6 இலட்சம் ரூபாவே கொடுபட்டது. 2010இல் தொடங்கிய அக்காப்புறுதியின் எல்லை பின்னர், ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சமாக உயர்த்தப்பட்டது. கூட்டுறவுச் சங்கங்களின் வைப்பும் ஊரிற் பிடிக்கும் சீட்டும் இதில் அடங்கா. சீட்டை நான் இகழவில்லை. அறிமுகமானவர் பத்துப்பேர் சேர்ந்து பிடிப்பது பல வீடுகளைத் தூக்கிவிட்டிருக்கிறது. எனினும் விதைக்கு வைத்த பணத்தைச் சீட்டில் விடுதல் கூடாது.

நீண்டகாலத்துக்குப் பூட்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும். 2022 செப்தெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 70 உயர்ந்திருந்தது. எந்த வைப்பின் வட்டியும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. எருவும் விதையும் வாங்குதற்கான பணத்தை ஓராண்டுக்கு மேற் பூட்டவேண்டாம் என்பதே எனது கருத்து.

2025 ஏப்ரில் முதல் வட்டியில் நூற்றுக்குப் பத்து வரியாகப் பிடிக்கப்படுகின்றது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்தை மிஞ்சாதவர்கள் சுய பிரகடனப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து விலக்குப் பெறலாம். தீவகத்திற் பெரும்பாலார் இவ்வெல்லைக்குட் பட்டவர்களே. பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கணக்குத் திறக்கும் அன்றே பின்னுரித்தாளர் ஒருவரை நியமியுங்கள். கணக்கிலக்கத்தைப் புத்தகத்தோடன்றி வேறோரிடத்திலும் எழுதி வையுங்கள். 1990இல் தீவகத்தைவிட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதன் காரணத்தை விளக்கவேண்டியதில்லை. பிள்ளை ஒருவருக்கும் அவ்விலக்கம் தெரிந்திருக்கட்டும்.