ஆன்டிவைரஸை நீக்கியபின் வை-ஃபை போனால்

ஆன்டிவைரஸின் சந்தா முடிந்துவிட்டது. பணம் கட்டச் சொல்லித் திரையின் ஓரத்தில் ஓயாமல் எட்டிப்பார்க்கிறது. தொல்லை வேண்டாம் என்று அதை அன்இன்ஸ்டால் செய்துவிடுகிறீர்கள். அதன்பிறகு மடிக்கணினியைத் திறந்தால் நெட் இல்லை. அதே வீட்டில், அதே ரவுட்டரில், கைப்பேசி மட்டும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. கடைக்கு எடுத்துப்போனால் 'வை-ஃபை கார்டு போயிடுச்சு' என்பார்கள், இல்லையென்றால் 'ஃபார்மட் அடிச்சிடலாம்' என்பார்கள். இரண்டுக்கும் உடனே தலையாட்டிவிடாதீர்கள். அதுவரை நன்றாக இருந்த கார்டு, மென்பொருளை நீக்கிய வேளை பார்த்துத் தானாகச் செத்துப்போவது அபூர்வம். பெரும்பாலும் கார்டு நன்றாகவே இருக்கும். நீக்கிய மென்பொருள் விட்டுவிட்டுப் போன மிச்சம்தான் வழியை மறித்துக்கொண்டிருக்கும்.

ஆன்டிவைரஸ், ஃபயர்வால், விபிஎன் ஆகிய மூன்றும் கணக்கெழுதும் மென்பொருளையோ பாட்டுக் கேட்கும் மென்பொருளையோ போன்றவை அல்ல. கணினிக்குள் வருவதும் போவதும் தங்கள் கண்ணில் பட்டாக வேண்டும் என்பதால், விண்டோஸின் நெட்வொர்க் அடுக்குகளுக்கு நடுவில் இவற்றில் பல ஒரு ஃபில்டர் டிரைவரைச் செருகிவைக்கின்றன. நெடுஞ்சாலையில் போட்ட சோதனைச்சாவடி மாதிரி. அன்இன்ஸ்டால் அரைகுறையாக முடிந்தால், சாவடியில் ஆள் இருக்கமாட்டார்கள், குறுக்குத் தடுப்பு மட்டும் இறங்கியபடியே கிடக்கும்.

இது பெரிய அளவிலேயே நடந்திருக்கிறது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, 8.1இலிருந்து மாறிய சில கணினிகளில் ஒரு வை-ஃபை பெயர்கூடத் தென்படவில்லை. பழைய விபிஎன் மென்பொருட்களோடு வந்த 'டிடெர்மினிஸ்டிக் நெட்வொர்க் என்ஹான்சர்' என்ற ஃபில்டர் டிரைவர் சரியாக மேம்படுத்தப்படாமல் நின்றுபோனதே காரணம் என்று மைக்ரோசாஃப்டே விளக்கி, அதைக் களையும் கட்டளைகளையும் வெளியிட்டது. அந்தக் கணினிகளில் யாரும் கார்டு மாற்ற வேண்டியிருக்கவில்லை.

முதல் வேலை, ரீஸ்டார்ட். 'அதைத்தான் செய்துவிட்டேனே' என்பீர்கள். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்திருந்தால் அது கணக்கில் வராது. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், விண்டோஸின் கருப்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வன்தட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுப்பப்படும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். நீக்கி முடித்ததும் 'இப்போது ரீஸ்டார்ட் செய்யவா' என்று கேட்டதற்கு 'பிறகு' என்று சொல்லிவிட்டு மூடியவர்கள், இந்த ஒரு படியிலேயே நெட்டைத் திரும்பப் பெறக்கூடும்.

அதற்கும் மசியவில்லையா? வை-ஃபை எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பெயர்களே தெரியவில்லையா, பெயர் தெரிந்தும் இணைய மறுக்கிறதா, இணைந்தபிறகும் எந்தப் பக்கமும் திறக்கவில்லையா? மூன்றும் வேறு வேறு நோய்கள்.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், ஆன்டிவைரஸ், விபிஎன்காரர்களுக்கு அதிகம் வாய்ப்பது அதுதான். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் 'பிராக்ஸி' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே கைமுறைப் பிராக்ஸி ஆன் ஆகி, முகவரியில் 127.0.0.1 என்று இருந்தால் பிடித்துவிட்டீர்கள். அந்த எண் உங்கள் கணினியையே குறிக்கும். நீக்கப்பட்ட மென்பொருள் 'எல்லாவற்றையும் என்னிடம் அனுப்பு' என்று பிரவுசருக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறது, வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. அணைத்துவிடுங்கள். அதோடு வை-ஃபை இணைப்பின் டிஎன்எஸ் அமைப்பையும் பாருங்கள். நீங்கள் போடாத எண் ஏதாவது இருந்தால் 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள்.

பிராக்ஸி சுத்தமாக இருந்தால் சோதனைச்சாவடியைத் தேட வேண்டும். விண்டோஸ் கீயோடு ஆர் கீயை அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் என்சிபிஏ, புள்ளி, சிபிஎல் என்று ஆங்கில எழுத்துகளில் இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுங்கள். வரும் சன்னலில் வை-ஃபை மேல் வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போனால், சின்னச் சின்ன டிக் கட்டங்களோடு ஒரு பட்டியல். கிளையன்ட் ஃபார் மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க்ஸ், ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங், கியூஓஎஸ் பாக்கெட் ஷெட்யூலர், இன்டர்நெட் புரோட்டோகால் 4, 6 எல்லாம் விண்டோஸின் சொந்தப் பிள்ளைகள், தொடாதீர்கள். விர்ச்சுவல்பாக்ஸ், என்பிகேப் போன்ற பெயர்கள் இருந்து, அவற்றை நீங்கள் இன்னும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அவையும் இருக்கட்டும். நீக்கிவிட்டோம் என்று நினைத்த மென்பொருளின் பெயர் அந்த வரிசையில் இன்னும் உட்கார்ந்திருந்தால், முதலில் அதன் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு நெட் வருகிறதா பாருங்கள். வந்துவிட்டால் குற்றவாளி உறுதி. பிறகு அதே வரியைத் தேர்ந்தெடுத்துக் கீழே உள்ள 'அன்இன்ஸ்டால்' பொத்தானை அழுத்தலாம்.

பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்கள், வழக்கமான அன்இன்ஸ்டால் போதாது என்று தெரிந்தே தனி நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகின்றன. மெக்காஃபி, நார்ட்டன், அவாஸ்ட், காஸ்பர்ஸ்கி நான்குக்கும் உண்டு. அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். 'எதையும் நீக்கித்தருவோம்' என்று வரும் விளம்பரக் கருவிகளை நம்பாதீர்கள். மடிக்கணினியில்தான் நெட் இல்லையே என்றால், கைப்பேசியைச் சார்ஜர் வயரால் அதில் செருகி 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். வை-ஃபை கார்டின் தயவு இல்லாமலேயே நெட் வந்துவிட வாய்ப்பு அதிகம்.

விபிஎன்னில் இன்னொரு சிக்கல் உண்டு. 'கில் ஸ்விட்ச்' ஆன் ஆகியிருக்கும்போதே நீக்கினால், விபிஎன் இல்லாமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்ற தடை விண்டோஸுக்குள் தங்கிவிடலாம். இதற்கு மருந்து, நீக்கிய அதே விபிஎன்னை மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான். திறந்து, கில் ஸ்விட்சை அணைத்து, இணைப்பைத் துண்டித்து, அதன்பிறகு முறையாக நீக்குங்கள்.

இணைய மறுத்தாலோ, இணைந்தும் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினாலோ, ரவுட்டரின் பதில் கணினிக்கு வந்து சேரவில்லை என்று பொருள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'நெட்ஷ் வின்சாக் ரீசெட்' என்ற மூன்று சொற்களை ஆங்கிலத்தில் இடைவெளி விட்டுத் தட்டுங்கள். முதல் சொல்லின் எழுத்துகள் என், இ, டி, எஸ், ஹெச். அடுத்து 'நெட்ஷ் இன்ட் ஐபி ரீசெட்'. முடிந்ததும் ரீஸ்டார்ட்.

பெயர்களே தெரியவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' வரியை விரித்துப் பாருங்கள். வை-ஃபை அடாப்டரின் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது அணைக்கப்பட்டிருக்கிறது, வலது கிளிக் செய்து 'எனேபிள்' கொடுத்தால் போதும். மஞ்சள் முக்கோணம் இருந்தாலோ அடாப்டரே காணவில்லை என்றாலோ டிரைவர் கோளாறு. இடத்தைக் காலி செய்கிறேன் என்று இன்டெல், ரியல்டெக், குவால்காம் பெயரில் இருந்ததையும் சேர்த்து நீக்கியவர்களுக்கு இது நேரும். மேலே 'ஸ்கேன் ஃபார் ஹார்ட்வேர் சேஞ்சஸ்' அழுத்தினால் விண்டோஸ் தன்னிடம் உள்ள டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் மடிக்கணினியின் மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுங்கள். அடாப்டரை அங்கிருந்து நீக்கிப் போட்டுப் பார்க்கும்போது, டிரைவரையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். புதிய டிரைவர் கையில் இல்லாதவரை அந்தக் கட்டத்தில் டிக் வைக்கவே வைக்காதீர்கள்.

எல்லாம் பார்த்தும் வழி பிறக்காதபோது 'நெட்வொர்க் ரீசெட்' இருக்கிறது. விண்டோஸ் 11இல் 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்' பக்கத்தின் கீழே கிடைக்கும். எல்லா அடாப்டர்களையும் பிடுங்கி மறுபடி நடும் வேலை இது. சேமித்த வை-ஃபை கடவுச்சொற்கள் போய்விடும், எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் கொடுத்த மடிக்கணினி என்றால் இதைச் செய்யாமல் அங்குள்ள ஐடி பிரிவிடம் விடுங்கள், அவர்கள் வைத்த விபிஎன் அமைப்பும் குலையக்கூடும்.

கார்டு உண்மையிலேயே போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள, உபுண்டுவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் 'டிரை' முறையில் ஓடவிடுங்கள். அங்கே வை-ஃபை பிடித்தால் கார்டு நலம், கோளாறு விண்டோஸுக்குள்தான். சில புதிய கார்டுகளுக்கு உபுண்டுவில் டிரைவர் இல்லாமல் போவதும் உண்டு, அதனால் அங்கே பிடிக்காததை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். அங்கும் காணவில்லை, விண்டோஸில் டிரைவர் போட்டபின்னும் டிவைஸ் மேனேஜரில் தலைகாட்டவில்லை என்றால் கடைக்கு எடுத்துப்போங்கள். கார்டைக் கழற்றி மாட்டும் வகையா, போர்டிலேயே பற்றவைத்த வகையா என்று முதலில் கேளுங்கள். பற்றவைத்த வகையாக இருந்தால், போர்டில் கைவைக்க விடாமல் ஒரு யுஎஸ்பி வை-ஃபை டாங்கிள் வாங்கிச் செருகிக்கொள்ளுங்கள்.