வானத்தின் பங்கும் ஆட்சியின் பங்கும்

அன்புள்ள தங்கைக்கு,

தூத்துக்குடி மாவட்டத்து ஏரலில் நீ பேசிய கூட்டத்தில் நடந்ததை எழுதியிருந்தாய். காலநிலை மாற்றம் என்று நீ தொடங்கியதுமே ஒரு பெரியவர் எழுந்து, "ஆளுங்கட்சிக்காரங்க அனுப்பி வச்சாங்களா?" என்று கேட்டாராம். அவர்மேல் வருத்தப்படாதே. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

அமெரிக்காவில் ஒருவரின் கட்சி தெரிந்தால், காலநிலை மாற்றத்தை அவர் நம்புகிறாரா என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். நம் ஊரில் அதை மறுப்பவர் குறைவு. பிளவு வேறு இடத்தில் இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, வரலாறு காணாத மழை என்றது அ.தி.மு.க. அரசு. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்த விதம்தான் காரணம் என்றது தி.மு.க. 2023 டிசம்பரில் மீண்டும் சென்னை மூழ்கியது. அப்போது ஆட்சியில் இருந்த தி.மு.க. மழையைச் சுட்டியது, வடிகால் பணி என்ன ஆயிற்று என்று அ.தி.மு.க. கேட்டது. நாற்காலி மாறியதும் வசனமும் இடம் மாறிவிட்டது. காலநிலை மாற்றம் என்பதே ஆள்பவர்கள் சொல்லும் சாக்கு என்று மக்கள் நினைப்பதில் வியப்பென்ன?

அதனால் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் இடத்தில் பேச்சைத் தொடங்கு. 2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டில் பார்க்கும் மழையைவிட அதிகம். ஒரு ஏக்கர் நிலத்தில் ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர் தண்ணீர். மழைமானிக்குக் கட்சி கிடையாது என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு பங்கு பிரித்துச் சொல். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். பெருமழை இன்னும் கனப்பது அதனால்தான். ஆனால் 95 சென்டிமீட்டரையும் வெப்பமாதலின் தலையில் கட்டிவிடாதே. குமரிக்கடல் பக்கம் நிலவிய வளிமண்டலச் சுழற்சிக்கும் அதில் பங்குண்டு. அடுத்து மனிதர் பங்கு: குளத்துக் கரை ஏன் உடைந்தது, கலிங்கைத் தாண்டிய தண்ணீர் போக வேண்டிய ஓடை எங்கே போயிற்று, எச்சரிக்கை வீட்டு வாசலுக்கு எப்போது வந்தது. யார் ஆட்சியில் நடந்தது என்று பார்த்து இதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

நமக்குச் சாதகமில்லாத முடிவையும் மறைக்காதே. 2015 சென்னை மழையை ஆராய்ந்த சர்வதேச விஞ்ஞானிகள் குழு, அந்த மழையில் புவி வெப்பமாதலின் தாக்கம் தெளிவாகத் தென்படவில்லை என்றது. அந்த வெள்ளத்தை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று தணிக்கைத் துறை பின்னர் எழுதியது. இரண்டையும் மேடையில் சொல். தெரியாததைத் தெரியாது என்பவர் சொல்லும் மற்றவற்றுக்கு ஊரில் மதிப்பு கூடும்.

நீயே எல்லாவற்றையும் பேச வேண்டும் என்பதும் இல்லை. வெள்ளம் வந்த இரவில் கரையில் மணல் மூட்டை அடுக்கியவரைப் பேசவிடு. மடையைத் திறந்து மூடத் தெரிந்தவரைப் பேசவிடு. இரு கட்சிக் கிளைச் செயலாளர்களையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வை. ஒலிபெருக்கியை மட்டும் அவர்கள் கையில் கொடுக்காதே.

கூட்டம் கலையும் முன் ஒரு கோரிக்கை எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்தக் குளத்தின் கரை, எந்த ஓடையின் ஆக்கிரமிப்பு, எந்த அதிகாரி, எந்தத் தேதிக்குள் என்று பெயர் குறித்து எழுதுங்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் கையெழுத்திடட்டும். வெப்பமாகும் உலகில் அடுத்த பெருமழை இன்னும் கனமாக வரக்கூடும். யார் ஆட்சி என்று அது கேட்காது.

மறுபடி ஏரலுக்குப் போ. கேள்வி கேட்ட அந்தப் பெரியவரை முதலில் பார். அவருடைய சந்தேகத்துக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால், ஊரில் பாதிப் பேர் உன் பேச்சைக் கேட்பார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்