அம்மா வீட்டுக்கு வந்த பிறகு

தொரப்பள்ளிப் பக்கத்திலிருந்து அத்திப்பள்ளி, ஆனேக்கல் என்று கட்டிக்கொடுத்த பெண்கள் நிறையப் பேர் இருக்கிறோம். ஓசூரில் பஸ் ஏறினால் பக்கம்தான், நடுவில் மாநில எல்லை. அடித்த வீடு கர்நாடகாவில், அடிபட்டு வந்து நின்ற அம்மா வீடு தமிழ்நாட்டில். புகாரை எங்கே கொடுப்பது என்பதிலேயே பாதிப் பேர் சோர்ந்துவிடுகிறார்கள். நான் முதலில் போன ஸ்டேஷனிலும், "சம்பவம் அந்தப் பக்கம்தானே நடந்துச்சு, அங்கயே போய்க் கொடும்மா" என்றார்கள். அந்த ஊருக்குத் திரும்பப் பயந்துதானே மகளைத் தூக்கிக்கொண்டு ராத்திரியோடு வந்தேன்!

அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, நாம் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் கோர்ட்டிலேயே மனு போடலாம். அங்கே வாங்கும் உத்தரவு நாடு முழுக்கச் செல்லும். கணவன் வீட்டுக் கொடுமைக்கான கிரிமினல் வழக்கையும் அடைக்கலம் தேடி வந்த ஊரில் நடத்தலாம் என்று 2019-ல் ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீலம்மா. அந்த உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். பெண்கள் உதவிக்கு 181. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், கோர்ட்டுக்குப் போகும் அறிக்கையை அவரே எழுதி அனுப்புவார்.

மனுவில் வீட்டு முகவரியோடு நின்றுவிடக் கூடாது. நான் வேலை செய்யும் இடத்துக்கும் மகளின் பள்ளிக்கும் என் கணவர் வரக் கூடாது என்று சேர்த்துக் கேட்க வைத்தார் வக்கீலம்மா. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கையில் இருக்க வேண்டியவை பற்றி ஒன்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் யார் அடித்தது, எதால் அடித்தது என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லி, விபத்துப் பதிவேட்டு நகல் (ஏ.ஆர். காப்பி) வாங்குங்கள். "கதவில் இடித்துக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டால் சீட்டிலும் கதவுதான் இருக்கும். ஸ்டேஷனில் மனு கொடுத்தால், அதை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் நகராதீர்கள். கல்யாணத்தில் போட்ட நகையைத் திரும்பக் கேட்க பில் இல்லையென்றால் கல்யாண ஆல்பம் கைகொடுக்கும். அம்மாவும் நானும் ஆல்பத்தை விரித்து வைத்துக்கொண்டு, கழுத்தில் எது, காதில் எது, கையில் எத்தனை வளையல் என்று பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதினோம். சிரித்துக்கொண்டு நிற்கும் என் முகத்தை அம்மா விரலால் மறைத்துக்கொண்டு எண்ணினார்.

மகளைப் பள்ளியில் சேர்க்க டி.சி. இல்லை. அது வரத் தாமதமாகிறது என்று சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு சொல்கிறது, அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை. கன்னட எழுத்து படித்த பிள்ளை தமிழுக்கு மாறத் திணறத்தான் செய்தாள். கூடவே உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது.

வேலை கிடைத்தது ரோஜாப்பூ பசுமைக்குடிலில். காம்பின் நீளம் பார்த்துத் தரம் பிரித்து, அட்டையில் சுற்றி, தண்ணீர் வாளியில் நிறுத்த வேண்டும். பிப்ரவரிக்கு முன்னால் நிமிர நேரம் இருக்காது. விரல் முழுக்க முள் கீறல். ஆனால் சம்பளம் என் கணக்கில் விழுந்தது. அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொண்டதால்தான் போக முடிந்தது.

அந்த அம்மா மாரடைப்பில் போய்விட்டார். நான் அப்போது பூக்கட்டு கட்டிக்கொண்டிருந்தேன்.

நான் இதை எழுதுவதே இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான். துக்க வீட்டில் நம்மிடம் எதை வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். காரியத்துக்கு முன்பே கணவரின் பெரியப்பா மாலையோடு வந்தார். அம்மா படத்துக்கு மாலை போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அம்மா இருந்தாங்க, சரி. இனி உனக்கு யாரு இருக்கா? பொம்பளப் புள்ளய வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுவ? அவனும் குடிய விட்டுட்டான்." சட்டைப் பையில் வழக்கை வாபஸ் வாங்கும் மனு டைப் அடித்துத் தயாராக இருந்தது. பேனாவும் அவரே கொண்டுவந்திருந்தார். சாப்பிட்டு இரண்டு நாளாகியிருந்தது, யாராவது முடிவெடுத்தால் போதும் என்றிருந்தது எனக்கு. சித்திதான் காபி டம்ளரை அவர் கையில் வைத்து, "காரியம் முடியட்டும் அண்ணா, பொறவு கோர்ட்லயே பேசிக்கலாம்" என்று சொல்லி, அந்தக் காகிதத்தைத் திரும்ப மடித்துக் கொடுத்தார்.

குடியை விட்டுவிட்டான் என்ற பேச்சில் மயங்காதீர்கள். எங்கள் தொரப்பள்ளி ராஜாஜி பிறந்த ஊர். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி அவர் மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். எங்கள் ஊரும் அதில்தான் இருந்தது. குடி ஒழிந்தால் வீட்டுப் பெண்கள் பிழைப்பார்கள் என்ற அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். இன்றும் எல்லை தாண்டி வரும் பாக்கெட் சரக்கு எத்தனையோ வீட்டைக் கெடுக்கிறது. ஆனால் குடிக்காத ராத்திரிகளிலும் என் கணவர் அடித்திருக்கிறார். குடி நின்றது என்பதை ஒரு செய்தியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அதை வைத்து வழக்கை முடிக்காதீர்கள்.

சொத்துக் காகிதத்தை நீட்டினாலும் சித்தி சொன்ன மாதிரிப் பதில்தான். இந்துக் குடும்பங்களில், உயில் எழுதாமல் போன அம்மாவின் சொத்தில் மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு. அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை யார் நீட்டினாலும், வக்கீலிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். சண்டை போடத் தேவையில்லை.

அம்மா போன பிறகு மகள் என்னை விட்டு நகரவில்லை. இரவில் எழுந்து என் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். மனநல உதவிக்கான 14416 டெலி மனஸ் எண்ணில் தமிழில் பேசினார்கள். பாட்டி செத்துவிட்டார் என்று பிள்ளையிடம் நேராகச் சொல்லுங்கள், தூங்குகிறார் என்று சொல்லாதீர்கள் என்றார்கள். அப்படிச் சொன்னதும் அழுதாள், பிறகு மெல்லத் தூங்கினாள். வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விடுவதற்கு நான் சம்பளத்தில் ஒரு பங்கு தருகிறேன். ஓசியில் கேட்டால் ஒரு நாள் முடியாது என்று சொல்லிவிடுவார்கள், வேலை போய்விடும்.

இப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. வேலைக்குச் சேரும்போது நாமினி பெயர் கேட்பார்களே, அங்கே பழக்கத்தில் கணவர் பெயரை எழுதிவிடாதீர்கள். வழக்கு முடியாவிட்டாலும், கணவரைக் குடும்பத்திலிருந்து நீக்குகிறேன் என்று பெண் ஊழியர் பி.எஃப். கமிஷனருக்கு எழுத்தில் கொடுக்கலாம். திட்ட விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. கொடுத்துவிட்டு, நாமினி இடத்தில் பிள்ளையின் பெயரைப் போட்டு, சீல் வைத்த நகல் ஒன்றைக் கையோடு வாங்கி வாருங்கள்.