சீனியரிடம் என்ன கேட்பது?

எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் வாரத்தில் எங்களைப் போன்ற பல்கலைக்கழக மாணவர்களின் போனுக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். "அண்ணா, உங்க யூனி நல்லா இருக்கா?" நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். "நல்லா இருக்கு தம்பி" என்று பதில் சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும். கேட்டவர் கையில் ஒன்றும் கிடைத்திருக்காது.

நம்மில் பலர், வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போகும் முதல் ஆள். அப்பா அம்மாவிடம் மற்ற எல்லாவற்றுக்கும் ஆலோசனை கேட்கலாம். லேப், செமஸ்டர், ஹாஸ்டல் பற்றி அவர்கள் என்ன சொல்வார்கள்? பொறியியல் பட்டம் என்றால் நான்கு ஆண்டு. பி.டி.பி.டி.என். கடன் எடுத்தால், படிப்பு முடிந்த பிறகும் பல ஆண்டு கட்ட வேண்டும். ஆகவே சீனியர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு நம் வீடுகளில் எடை அதிகம். அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதுதான் இந்தப் பாடம்.

ஒரு விதியை மட்டும் மனதில் வையுங்கள்: சீனியர் சாட்சி, நீதிபதி நீங்கள். சாட்சியிடம் தீர்ப்பு கேட்கக் கூடாது. என்ன பார்த்தார் என்று கேட்க வேண்டும்.

1. நடந்ததைக் கேளுங்கள்

நம் ஊர் உதாரணத்தையே எடுப்போம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1969-இல் தொடங்கப்பட்டது. அதன் பெயரைச் சொன்னதும் ஜார்ஜ்டவுன்காரர்களுக்குக் கெலுகோர் வளாகம்தான் கண்முன் வரும். "பக்கத்துலதானே, வீட்டுல இருந்தே போய் வரட்டும்" என்று பாட்டிகூட முடிவு செய்துவிடுவார். ஆனால் பொறியியல் வளாகம் தீவிலேயே இல்லை. பெருநிலத்தில், பேராக் எல்லையை ஒட்டிய நிபோங் தெபாலில் இருக்கிறது. சிவில், மெக்கானிக்கல், மின்னியல், இரசாயனம், விண்வெளிப் பொறியியல் எல்லாம் அங்கேதான்.

இந்த விவரம் பல்கலைக்கழகத்தின் கையேட்டிலும் இருக்கும். அங்கே வாழ்வது எப்படி என்பது இருக்காது. அதைச் சீனியர்தான் சொல்ல முடியும். "மாசத்துல எத்தனை தடவை வீட்டுக்குப் போறீங்க? எதுல போறீங்க? போக வர எவ்வளவு செலவு? மோட்டார் இல்லாதவங்க சாப்பிட எங்க போவாங்க?" என்று கேளுங்கள்.

படிப்பைப் பற்றிக் கேட்கவும் இதே வழிதான். "கஷ்டமா?" என்று கேட்டால் ஒருவர் ஆமாம் என்பார், இன்னொருவர் இல்லை என்பார். "போன செமஸ்டர்ல ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் எப்படிப் போச்சு, சொல்லுங்க அக்கா" என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை மணி நேரம் வகுப்பு, லேப் ரிப்போர்ட் எழுத எவ்வளவு நேரம், எத்தனை மணிக்குத் தூக்கம், எல்லாம் தானாக வெளியே வரும்.

2. ஒருவரிடம் நிறுத்தாதீர்கள்

குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள். முதலாம் ஆண்டு மாணவருக்கு ஆரம்பத் திணறல் இன்னும் நினைவில் இருக்கும். இறுதியாண்டு மாணவருக்குத் தொழிற்பயிற்சி தெரியும்: எந்தத் தொழிற்சாலை, இடம் எப்படிக் கிடைத்தது, அங்கே உண்மையான வேலை கொடுத்தார்களா. மூன்றாவது ஆள் முக்கியம். அந்தப் படிப்பிலிருந்து மாறிப் போனவர் அல்லது பாதியில் நின்றவர். வளாகத்தில் நீங்கள் சந்திப்பவர்கள் எல்லோரும் தாக்குப்பிடித்தவர்களே. போனவர் ஏன் போனார் என்பதை, அவர் மனம் நோகாமல், மரியாதையோடு கேளுங்கள்.

உங்கள் பாதையில் வந்தவராகவும் ஒருவர் இருக்கட்டும். எஸ்.டி.பி.எம். மூன்று செமஸ்டர், மெட்ரிகுலேஷன் பெரும்பாலும் ஒரே ஆண்டு, பொலிடெக்னிக் டிப்ளோமா முடித்து வருபவர் வேறு ரகம். ஒரே கணிதப் பாடம் இந்த மூவருக்கும் மூன்று விதமாகத் தெரியும்.

எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறார் என்பதையும் கவனியுங்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது படித்தவர், வீட்டில் லேப்டாப் முன் உட்கார்ந்த கதையைச் சொல்வார். அது உண்மைதான், ஆனால் அது அந்தக் காலத்து உண்மை.

3. சீனியரிடம் கேட்கக் கூடாதது

"இந்தப் பட்டம் செல்லுமா?" என்ற கேள்விக்குச் சீனியரின் பதில் போதாது. "எல்லாரும் படிக்கிறாங்கலா, செல்லும்" என்பார், நல்ல மனசோடுதான். ஆனால் இதற்குத் தாளில் பதில் இருக்கிறது. உயர்கல்விப் படிப்புகளுக்கு எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டைப் பாருங்கள். பொறியியலுக்கு மலேசியப் பொறியாளர் வாரியத்தின் கீழ் உள்ள அங்கீகார மன்றமான இ.ஏ.சி.யின் பட்டியலைப் பாருங்கள். இந்த அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. 2009-இல் மலேசியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானதால், இந்தப் பட்டியலில் உள்ள பட்டத்துக்கு மற்ற உறுப்பு நாடுகளிலும் மதிப்பு உண்டு.

பெயரையும் உற்றுப் பாருங்கள். "பொறியியல்" பட்டமும் "பொறியியல் தொழில்நுட்பம்" பட்டமும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும். பின்னாளில் பதிவு செய்யும் பிரிவு வேறு. இரண்டும் நல்ல வழிதான். எது நமக்கு வேண்டும் என்று தெரிந்து சேர வேண்டும். அங்கீகாரம் இல்லாத படிப்பில் போட்ட காசும் நான்கு ஆண்டும் திரும்பி வராது.

கேட்பதும் கல்விதான்

திருக்குறளில் கல்வி 40-ஆம் அதிகாரம். கேள்வி 42. அதற்கு அடுத்ததே அறிவுடைமை, 43. படிப்போடு நில்லாமல் கேட்கவும் வேண்டும், கேட்டதை ஆராயவும் வேண்டும் என்பதற்கு அந்த வரிசையே போதும்.

கிளைக் கூட்டத்தில் செய்ய வேண்டிய பயிற்சி:

அ. நீங்கள் நினைத்திருக்கும் ஒரு படிப்பைப் பற்றி ஐந்து கேள்விகள் எழுதுங்கள். "நல்லதா", "கஷ்டமா" என்ற சொற்கள் வரக் கூடாது.

ஆ. எது சீனியரிடம் கேட்க வேண்டியது, எது தாளில் பார்க்க வேண்டியது என்று பிரியுங்கள்.

இ. சீனியர் யாரையும் தெரியாத தம்பி தங்கை உங்கள் கிளையில் இருந்தால், இந்த வாரமே ஒருவரை அறிமுகம் செய்து வையுங்கள்.

கல்லூரியில் படிக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. யாராவது "நல்லா இருக்கா?" என்று கேட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். "உட்காரு தம்பி, என் செவ்வாய்க்கிழமைய சொல்றேன்" என்று ஆரம்பியுங்கள்.