தலைப்பிரசவமும் பருவத் தேர்வும்

கருவுற்ற மாணவியின் படிப்பை முறிப்பது பெரும்பாலும் மாற்றுச் சான்றிதழ்தான். "இனிமே எங்க போய்ப் படிக்கிறது, டி.சி.யை வாங்கிட்டு வந்துடலாம்" என்று ஐந்தாம் மாதத்திலோ ஆறாம் மாதத்திலோ வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்வார். வாந்தியும் களைப்புமாக இருக்கும் பெண் அந்த நேரத்தில் மறுத்துப் பேசமாட்டாள். பெயர் பதிவேட்டில் இருக்கும்வரை விடுப்பு, வருகைப்பதிவுச் சலுகை, விட்ட தாளை அடுத்த பருவத்தில் எழுதுவது என்று பல வழிகள் உண்டு. பெயரை எடுத்துவிட்டால் புதிதாகச் சேர்க்கை கேட்டு நிற்க வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை டி.சி. பற்றிய பேச்சையே எடுக்காமல் இருப்பது நல்லது.

களம்பூர் போன்ற ஊரில் இது அடிக்கடி எழும் கேள்வி. அரிசி ஆலைகளும் பட்டுத் தறிகளும் உள்ள பேரூராட்சி இது. ஆரணி ரோடு ரயில் நிலையம் இருப்பதும் இங்கேதான். பெண் பிள்ளைகள் பேருந்திலும் ரயிலிலும் ஆரணி, திருவண்ணாமலை, வேலூர் கல்லூரிகளுக்குப் போய்வருகிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போனவர்கள் அவர்களில் நிறையப் பேர். இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ நல்ல வரன் வருகிறது. "நாங்க படிக்க வைக்கிறோம்" என்று மாப்பிள்ளை வீட்டார் மனதாரத்தான் சொல்கிறார்கள். அந்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவது என்பது இரண்டு வீட்டாருக்குமே தெரியாமல் போவதில்தான் சிக்கல்.

முதலில் நாள் கணக்கு. ஒரு பருவத்தில் ஏறத்தாழ 90 வேலை நாட்கள். 75 விழுக்காடு வருகை வேண்டுமென்றால் 68 நாள் வந்தாக வேண்டும். கையில் இருப்பது 22 நாள். பல பல்கலைக்கழகங்களில் இதற்குக் கீழேயும் படிகள் உண்டு. 65 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால், மருத்துவச் சான்று கொடுத்துக் கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம். 50க்கும் 65க்கும் நடுவில் இருந்தால் அந்தப் பருவத்துத் தேர்வு போகும். ஆனால் அடுத்த பருவத்துக்குப் போய்விட்டு, விட்ட தாள்களைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். 50க்கும் கீழே இறங்கினால்தான் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். அதாவது, 45 நாள் வந்துவிட்ட பெண்ணுக்கு வருடம் போகாது. இது தெரியாமல், 75 வராது என்று தெரிந்ததுமே கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். துல்லியமான விதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும் என்பதால் அலுவலகத்தில் நேரில் கேட்டு, பதிலைத் தேதியோடு குறித்துவைக்க வேண்டும்.

இந்த நாட்களைத் தின்பதில் செவ்வாய்க்கிழமைக்குப் பங்குண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நடப்பது செவ்வாய்தோறும். காலையில் போனால் எடை, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, மாத்திரை என்று மதியம் ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் அட்டையில் தேதியும் முத்திரையும் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை நகலெடுத்துத் துறைத் தலைவரிடம் கொடுத்துவிட்டால் பின்னால் கேள்வி வராது. பல ஆசிரியர்கள் மதிய வகுப்புக்கு வந்தால் அரை நாள் கொடுக்கிறார்கள். மாணவியர்தான் கேட்கத் தயங்குகிறார்கள்.

விடுப்பு கேட்பது சலுகைக்குக் கையேந்துவது என்ற எண்ணம் மாற வேண்டும். 2021 டிசம்பர் 14 அன்று பல்கலைக்கழக மானியக் குழு எல்லாத் துணைவேந்தர்களுக்கும் கடிதம் எழுதியது. இளநிலை, முதுநிலை மாணவியருக்கு மகப்பேறு விடுப்பு, வருகைப்பதிவுத் தளர்வு, தேர்வு விண்ணப்பத்துக்குக் கூடுதல் அவகாசம் ஆகியவற்றுக்கு உரிய விதிகளை வகுக்கும்படி அதில் கேட்டுக்கொண்டது. முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு 240 நாள் வரை விடுப்பு என்பது 2016 விதிமுறையிலேயே இருக்கிறது. கேரள அரசு 2023 ஜனவரியில், 18 வயது நிறைந்த மாணவியருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் 60 நாள் விடுப்பு அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் மீரட் பல்கலைக்கழகத்தின் எம்.எட். மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், அவர் கேட்ட 59 நாள் விடுப்பைப் பரிசீலிக்குமாறு டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. படிப்பா பிள்ளையா என்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நீதிமன்றங்கள் எல்லா வழக்கிலும் இப்படிச் சொன்னதில்லை. 2018இல் அதே நீதிமன்றத்தில் ஒரு சட்ட மாணவியின் கோரிக்கை தள்ளுபடியானது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 26 வாரம் தரும் மகப்பேறு நல விதிகள் மாணவியைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால்தான் எழுத்து வேலை முக்கியமாகிறது.

விண்ணப்பத்தைப் பிரசவத்துக்குப் பிறகு கொடுப்பதைவிட ஏழாம் மாதத்துக்குள் கொடுப்பது பத்து மடங்கு பலன் தரும். முதல்வருக்கு முகவரியிட்டு, துறைத் தலைவர் வழியாக ஒரு பக்கக் கடிதம். பிரசவத் தேதி போட்ட ஸ்கேன் அறிக்கையும் கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண் உள்ள அட்டையும் இணைப்பு. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை விடுப்பு, எந்த உள்மதிப்பீட்டுத் தேர்வு விடுபடும், அதை எப்போது எழுத விருப்பம் என்று நாள்வாரியாக எழுத வேண்டும். மானியக் குழுக் கடிதத்தின் நகலையும் சேர்க்கலாம். ஒரு படியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல்லாகக் கொடுத்த அனுமதி, முதல்வர் மாறினால் போய்விடும்.

அடுத்தது வளைகாப்பு. ஏழிலோ ஒன்பதிலோ வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது வழக்கம். குழந்தையோடு திரும்பிப் போவது மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ. ஆக, ஒரு பருவம் முழுக்க அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பதை இந்த வழக்கம்தான் தீர்மானிக்கிறது. தாய்வீடு களம்பூராகவும் கல்லூரி ஆரணியாகவும் இருந்தால் அதுவே பெரிய உதவி. தாய்வீடு தூரத்தில் இருந்தால், தேர்வு நடக்கும் நவம்பரிலும் ஏப்ரலிலும் கல்லூரிக்கு அருகில் யார் வீட்டில் தங்குவது என்பதை வளைகாப்பன்றே இரு சம்பந்திகளும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். எல்லாரும் கூடியிருக்கும் நாள் அது. அப்போது ஒத்துக்கொண்டதைப் பின்னால் யாரும் மாற்றிப் பேசுவதில்லை.

தறி உள்ள வீட்டில் இன்னொரு சிக்கல். குழித்தறியில் கால் மிதித்து நெய்வது நிறைமாதத்தில் நின்றுவிடும். ஆனால் தார் சுற்றுவது, அறுந்த இழையை முடிச்சுப் போடுவது எல்லாம் உட்கார்ந்து செய்யும் வேலை என்று அவளிடம் வந்து சேரும். சேலை முடித்துக் கூலி வாங்க வேண்டிய நெருக்கடியில் புத்தகம் மூடிக் கிடக்கும். மருமகளைக் குறை சொல்லவும் முடியாது, மாமியாரைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டுக்கு அந்தக் கூலிதான் சோறு. காலை ஐந்திலிருந்து ஏழு வரை, தறிச் சத்தம் தொடங்கும் முன், யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை என்று கணவன் பொறுப்பேற்றுக்கொண்ட வீடுகளில் படிப்பு ஓடியிருக்கிறது. பொதுவாகப் "படிச்சுக்கோ" என்று சொன்ன வீடுகளில் ஓடவில்லை.

தேர்வு நாளில் கைக்குழந்தையோடு வருவது சங்கடமான காரியமல்ல. மூன்று மணி நேரத் தாளுக்கு, உள்ளே போகும் முன் பத்து நிமிடம் இருக்கும்போது பாலூட்டிவிட்டு, பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போனால் பெரும்பாலும் குழந்தை தூங்கிவிடும். கறந்துவைத்த தாய்ப்பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும். ஏப்ரல் வெயிலில் அதைவிடக் குறைவாகவே கணக்கிட வேண்டும். குழந்தையோடு வருபவர் உட்காரத் தரைத்தளத்தில் விசிறியுள்ள ஓர் அறையும், மாணவிக்குத் தரைத்தளத்திலேயே தேர்வு இருக்கையும் கேட்டு முந்தைய வாரமே கடிதம் கொடுத்துவிடலாம். இதற்குக் கல்லூரிக்கு ஒரு ரூபாய் செலவில்லை. பால் கட்டி மார்பு கனத்து, மூன்றாவது மணி நேரத்தில் சேலை நனைந்து எழுதும் பெண்கள் இருக்கிறார்கள். கழிவறைக்குப் போய்வர அனுமதிக்கும் கண்காணிப்பாளர் அவர்களுக்குப் பேருதவி.

ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தையை யார் பார்ப்பது என்பதே மிகக் கடினமான கட்டம். தமிழ்நாட்டில் அங்கன்வாடி இரண்டு வயதிலிருந்துதான் சேர்க்கிறது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுக்கு உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் தவிர வேறு வழி இந்த ஊர்களில் இல்லை. கல்லூரிகளில் குழந்தைகள் காப்பகம் கேட்க வேண்டிய உரிமை; அது வரும்வரை, ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகள் முறைவைத்துப் பார்த்துக்கொள்வது நடைமுறையில் கைகொடுக்கிறது.

பி.எட்., செவிலியர் படிப்புகளில் தளர்வு குறைவு. பி.எட்.டில் பாடங்களுக்கு 80 விழுக்காடும், பள்ளிக் களப்பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை வேண்டும். செவிலியர் படிப்பில் மருத்துவமனைப் பயிற்சி முழுவதையும் முடித்தால்தான் பட்டம். இங்கே குறைந்த நாளை ஈடுகட்டுவதைவிட, பயிற்சிக் காலத்தையே அடுத்த அணியோடு மாற்றிக்கொள்வது பாதுகாப்பு. வேதியியல் ஆய்வகம், ஃபார்மலின் வாடை உள்ள விலங்கியல் ஆய்வகம் போன்றவற்றில் கர்ப்ப காலச் செய்முறையைத் தள்ளிவைக்க மருத்துவரின் இரண்டு வரிச் சான்று போதும்.

பதினெட்டு வயது நிறையாத பள்ளி மாணவியின் நிலை வேறு. அங்கே குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் வருகின்றன. தெரிந்தவர் தகவல் தர வேண்டியது சட்டக் கடமை. 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையம் உண்டு. வழக்குக்குப் பயந்து சிகிச்சையை மறைப்பது உயிருக்கு ஆபத்து. 18,000 ரூபாய் தரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 19 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்பதால், மிகவும் தேவைப்படும் இந்தப் பிள்ளைகளுக்கு அது கிடைப்பதில்லை. ஆனால் படிப்பு மூடப்படுவதில்லை. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளைத் துணைத் தேர்விலோ தனித்தேர்வராகவோ எழுத முடியும். சியரா லியோன் 2020 வரையிலும் தான்சானியா 2021 வரையிலும் கருவுற்ற மாணவியரைப் பள்ளியை விட்டே விலக்கிவைத்திருந்தன. நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. வெளியேற்றம் இங்கே சத்தமில்லாமல் நடக்கிறது. தலைமையாசிரியர் ஒருவர் வீடு தேடிப் போய்த் தேர்வு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிவந்தால் அதைத் தடுத்துவிட முடியும்.

இடைவெளி விழுந்தே தீரும் என்றால், ஓராண்டு படிப்பை நிறுத்திவைத்து மீண்டும் அதே வகுப்பில் சேர எழுத்தில் அனுமதி வாங்குவது முதல் வழி. அதுவும் முடியாதபோது, 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை இருக்கின்றன. மாறும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தொலைநிலைக் கல்விக்கு அது கிடையாது. பால் மாவும் பேருந்துக் கட்டணமும் அந்த ஆயிரத்தில் ஓடும் வீடுகளில், மாறுவதா காத்திருப்பதா என்பதை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்கிறார்கள்.